ஏழாம் நம்பர் டிரில்லிங் மெஷின்

கலைமதியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத எனக்கு அருகதை கிடையாது. இதை முதலிலேயே நானே சொல்லிவிடுகிறேன். அவளோடு வேலை செய்தவர்கள் அறுபது பேர். அவர்களில் யார் எழுதியிருந்தாலும் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் அந்த அறுபது பேரும் மூன்று வருசமாக அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குக் காரணம் நான். அதனால் எழுதுகிற வேலையும் என் தலையில்தான் விழுகிறது.

என் பெயர் சந்திரமோகன், ஊர் காரிமங்கலம். பைபாஸ் ரோட்டை ஒட்டி இருந்த ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருசம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தேன். கேஸ் அடுப்புக்குள் பித்தளையில் சின்னதாக ஒரு ஜெட் இருக்குமே, அதைச் செய்கிற கம்பெனி. மிளகு அளவு பித்தளையில் தலைமுடி கனத்துக்கு ஒரு ஓட்டை போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேட்க எளிதாகத்தான் இருக்கும். துளைக்கிற பிட் ஊசியைவிட மெல்லிசு. கொஞ்சம் அவசரப்பட்டால் டிக்கென்று ஒடிந்துவிடும், ஒடிந்த முனை ஜெட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், இரண்டும் வீண்.

அந்த ஒரு வேலைக்கென்றே செய்த டிரில்லிங் மெஷின்கள் பதினொன்று வரிசையாக இருந்தன. பட்டறைகளில் ஆளுயரத்துக்கு நிற்கும் டிரில் மாதிரி இல்லை. மேசைமேல் உட்காரும், ஒரு தோசைக்கல் வைக்கிற இடம்தான் அடைக்கும். கைப்பிடி கிடையாது. தையல் மெஷினுக்கு இருப்பதுபோலக் கீழே பெடல். காலால் மெதுவாக அழுத்தினால் பிட் இறங்கும், காலை எடுத்தால் ஏறும். இரண்டு கையும் வேலையைப் பிடிக்க. ஒவ்வொரு மெஷினின் நெற்றியிலும் வெள்ளை பெயிண்டில் நம்பர் எழுதியிருக்கும். கலைமதிக்கு ஏழாம் நம்பர்.

இருபத்திரண்டு வயதில் வேலைக்கு வந்தாள். கட்டை குட்டையான பெண். ஸ்டூலில் உட்கார்ந்தால் பெடலுக்குக் கால் எட்டாது, எட்டினாலும் நுனிவிரல்தான் படும். நுனிவிரலில் எட்டு மணி நேரம் அழுத்தினால் கெண்டைக்கால் என்னத்துக்கு ஆகும்? ஒரு வாரம் பார்த்தேன், நொண்டி நொண்டி பஸ் ஏறினாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வேப்பங்கட்டையை இழைத்து, இரண்டு போல்ட் முடுக்கிப் பெடல்மேல் பொருத்திக் கொடுத்தேன். எனக்கு அரை மணி நேர வேலை. அவள் அதைப் பெரிய உபகாரமாக எடுத்துக்கொண்டு, அந்த வருசம் பொங்கலுக்கு ஒரு கூடை மொச்சைக்காய் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு மோகண்ணா.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில்தான் பெடலை மிதிப்பாள். செருப்புப் போட்டால் மெஷின் பேசுவது தெரியவில்லை என்பாள். முதலில் எல்லாரும் சிரித்தோம். அப்புறம் பார்த்தால், மற்றவர்கள் வாரத்துக்கு ஏழெட்டு பிட் ஒடிக்கும்போது இவள் ஒன்று ஒடித்தால் பெரிய விசயம். பக்கத்து மெஷினில் பிட் மழுங்கினாலும் இவளுக்குக் காதில் விழுந்துவிடும். "அக்கா, உங்க பிட்டு அழுவுது, மாத்துங்க" என்று இங்கிருந்தே சத்தம் கொடுப்பாள். ஷிஃப்ட் முடிந்தால் மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு பழைய பாவாடைத் துணியைப் போர்த்திவிட்டுத்தான் கிளம்புவாள்.

அந்த ஏழாம் நம்பருக்கு ஒரு குறை உண்டு. ஒருமுறை இடம் மாற்றும்போது லோடுமேன் கைதவறிக் கீழே போட்டுவிட்டான். அதோடு மெஷினின் தலை ஒரு மயிரிழை சாய்ந்துவிட்டது. அடியில் மெல்லிசாக ஒரு தகடு சொருகிச் சரிக்கட்டினேன். அந்தத் தகடு நகர்ந்தால் போதும், ஓட்டை ஒரு பக்கமாகத் தள்ளும். அளந்து பார்க்கிற கருவியை நான் எடுத்து வருவதற்குள் கலைமதிக்குத் தெரிந்துவிடும். "அண்ணா, ஏழு தள்ளுதுங்க, வந்து ஒரு தட்டுத் தட்டிக் குடுங்க" என்பாள். இப்படிப் பதினாலு வருசம்.

மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆர்டர் இல்லை, தற்காலிகமாக மூடுகிறோம் என்று. தற்காலிகம் என்ற சொல்லை நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். எங்களில் மூத்தவர் பச்சியப்பன். லேத் பிரிவில் இருந்தவர், நியாயமான மனிதர். அவர்தான் சொன்னார்: "மெஷினு உள்ள இருக்கற வரைக்கும் இது கம்பெனி. மெஷினு போயிருச்சுன்னா வெறும் கொட்டாயி. அத வெளிய வுடாம பாத்துக்கிட்டா என்னிக்காச்சும் தொறப்பாங்க."

கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் ஒரு முனியப்பன் உண்டு. அங்கே எல்லாரும் கூடினோம். பச்சியப்பன் சூடம் ஏற்றினார். இந்தக் கேட்டைத் தாண்டி ஒரு மெஷினையும் போக விடமாட்டோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தோம். அணைக்க அணைக்க அவர் மறுபடி ஏற்றினார். அறுபது பேருக்கும் ஏற்றினார். நானும் அணைத்தேன். கலைமதி எனக்கு அடுத்து அணைத்தாள். சின்னக் கை, சூடு தாங்காமல் உதறிக்கொண்டாள்.

மரத்தடியில் தார்ப்பாய் கட்டி, இரண்டிரண்டு பேராக முறை வைத்துக் காவல் இருந்தோம். மதியத்து முறை எனக்கும் கலைமதிக்கும்.

இப்போது என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை இருந்தது. வீட்டோடு ஒரு சின்னப் பட்டறை, அதில் சொந்தமாக ஒரு மெஷின். ஐம்பது வயதுக்கு மேல் இன்னொரு கம்பெனியில் எவனும் என்னைச் சேர்க்கப்போவதில்லை என்ற பயமும் இருந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பழைய மெஷின் வாங்கி விற்கிற ஒரு ஆள் என்னைத் தேடி வந்தான். கம்பெனி எப்படியும் மெஷின்களைத் தள்ளிவிட முடிவு செய்துவிட்டது, நீங்கள்தான் குறுக்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், எப்போது ஆள் இருக்காது என்று மட்டும் சொல்லுங்கள், உங்களுக்குப் பிடித்த மெஷின் ஒன்றைக் குறைத்துக் கொடுக்கிறேன் என்றான். எது வேண்டும் என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. ஏழு என்றேன். தலை சாய்ந்த மெஷினை ஏன் கேட்டேன் தெரியுமா? பதினொன்றில் அதுதான் நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட மெஷின். அவள் துடைத்துத் துடைத்து வைத்திருந்ததால் பேரிங் புதுசு மாதிரி இருந்தது. அவள் அக்கறையாக இருந்ததுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

சத்தியம்? அதற்கும் வழி வைத்திருந்தேன். கேட்டைத் தாண்ட விடமாட்டோம் என்றுதானே சூடம் அணைத்தோம்? பின்பக்கம் மழையில் சுவர் இடிந்து கிடந்தது, அந்தப் பக்கம் கொள்ளுக் காடு, அதில் வண்டித்தடம். கேட்டைத் தொடாமலே போய்விடலாம். முனியப்பனிடமே வக்கீல் வேலை பார்த்தவன் நான். கையெழுத்துப் போடத் தெரியாத கிழவிகூட அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ள மாட்டாள். நான் ஒத்துக்கொண்டேன்.

அவனிடம் நான் சொன்ன நாளில் காரிமங்கலத்தில் சந்தை. மதியம் இரண்டு மணிக்கு ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. கலைமதி காலையிலிருந்தே நிலைகொள்ளாமல் இருந்தாள். வீட்டில் சினை மாடு, இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றது. புருசன் குமார் லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு தொப்பூர் தாண்டிப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

"நீ போம்மா, போயி மாட்டப் பாரு. நான் ஒருத்தன் இங்க இருக்கேன்ல."

"முறைய வுட்டுட்டுப் போனா பச்சியப்பண்ணன் ஏசுவாருங்கண்ணா."

"அத நான் சொல்லிக்கறேன். வாயில்லா ஜீவன், தனியா கெடந்து தவிக்கும். போ."

மறுபடியும் தயங்கினாள். நான் எழுந்து அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக் கையில் கொடுத்தேன். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். நன்றியாகத்தான் பார்த்தாள்.

அவள் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் ஒரு குட்டி யானை வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஒரு மெஷின் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிசம். பத்து நிமிசம் ஆயிற்று, வண்டி கிளம்பிற்று. அப்புறம் இன்னொரு வண்டி. அதற்கப்புறம் லாரி. சிமெண்ட் தரையில் இரும்பு இழுபடுகிற சத்தம் நிற்கவே இல்லை. எனக்கு ஒன்று என்றுதான் அவன் சொன்னான். எனக்கு மட்டுமா கதவைத் திறப்பான் என்று யோசிக்காத மடையன் நான். எழுந்தேன். கூச்சல் போட்டால் பஸ் ஸ்டாப்பில் இருந்து நாலு பேர் ஓடிவருவார்கள், வண்டிகளை மறிக்கலாம். ஆனால் மறித்தால், முதல் வண்டியில் போன ஏழாம் நம்பர் யார் வீட்டுக்கு என்று டிரைவர்கள் சொல்லிவிடுவார்கள். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். பதினொரு மெஷினும், லேத்துகளும், காற்று அடிக்கிற கம்ப்ரசர்கூடப் போயிற்று. எல்லாவற்றையும் காதால் கேட்டுக்கொண்டு முனியப்பன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் மரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். சில பெண்கள் இழவு வீடு மாதிரி அழுதார்கள். பச்சியப்பன் கலைமதியைக் கேட்டார்.

"முறையில நீ எங்கம்மா போன?"

"மாடு கன்னு போடற மாதிரி இருந்துச்சுங்க. மோகண்ணந்தான் போவச் சொன்னாருங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது. நான் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"மாட்டப் பாக்கணும்னு சொல்லுச்சுங்க. போறேன்னு நிக்கற புள்ளய நான் என்னன்னு தடுக்கறது? எனக்கும் காலையிலருந்து காய்ச்சலு, கொஞ்சம் அசந்துட்டேன்."

இதில் காய்ச்சல் மட்டும்தான் பொய் என்று பிற்பாடு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கலைமதி என்னையே பார்த்தாள். நான் நிமிரவில்லை. அவள் மறுத்துப் பேசியிருக்கலாம், அண்ணன்தான் பையை எடுத்துக் கையில் கொடுத்தார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காய்ச்சலோடு காவல் இருந்தவன் என்று என்னை நாலு பேர் தட்டிக்கொடுத்தார்கள். ஒரு மாட்டுக்காக அறுபது பேர் பிழைப்பைக் கெடுத்தவள் என்று அவளை விட்டு விலகினார்கள். கன்னுக்குட்டிக்காரி என்று பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயர் அவள் வீடுவரை போயிற்று.

மெஷின் நாலு மாதம் என் மச்சான் வீட்டு மோட்டார் கொட்டகையில் ஒளிந்திருந்தது. அப்புறம் என் வீட்டுக்கு வந்தது. வீட்டுச் சுவரை ஒட்டி சிமெண்ட் ஷீட் போட்டு ஒரு பட்டறை கட்டினேன். முதல் வேலையாக நெற்றியில் இருந்த நம்பர்மேல் பச்சை பெயிண்ட் அடித்தேன். பெடல்மேல் இருந்த வேப்பங்கட்டையைக் கழற்றினேன். அவள் கால் பட்டுப் பட்டு நடுவில் பள்ளமாகியிருந்தது. அடுப்பில் வைத்துவிடலாம் என்று எடுத்துப் போனேன், முடியவில்லை. டூல் பாக்ஸின் அடித்தட்டில் போட்டு மூடினேன்.

ஜெட் வேலை எனக்கு எவனும் தரவில்லை. ஒரு வருசம் மெஷின் சும்மாதான் கிடந்தது. பிறகு ஊரெல்லாம் கருங்காலி மாலை போட ஆரம்பித்தார்கள். போட்டால் கஷ்டம் தீரும் என்று ஒருவன் சொல்ல, போடாத கழுத்தே இல்லை என்று ஆகிவிட்டது. தர்மபுரியில் ஒரு வியாபாரி அந்த மணிகளுக்கு ஓட்டை போட ஆள் தேடினார். நான் ஒத்துக்கொண்டேன்.

பித்தளைக்குச் செய்த மெஷினை மரத்துக்கு மாற்றுவது லேசான வேலை இல்லை. கம்பெனியில் ஓடியது மூன்று ஃபேஸ் மோட்டார், வீட்டில் இருப்பது ஒரே ஃபேஸ். மோட்டாரை மாற்றினேன். நிமிசத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றில் முதல் மணி கருகிப் புகைந்து இரண்டாகப் பிளந்தது. மோட்டார் பக்கத்துப் புல்லியைச் சின்னதாக்கி வேகத்தைக் குறைத்தேன். பிட்டைப் பிடிக்கிற வாய் மெல்லிய பிட்டுக்குத்தான் இருந்தது. அதை மாற்றிக் கனமான பிட் போட்டேன். எண்ணெய் சொட்டுகிற குழாயைப் பிடுங்கிவிட்டு, மரத்தூளை ஊதித் தள்ள ஒரு சின்ன ஃபேன் வைத்தேன். உருண்டையான மணி நழுவாமல் உட்கார இரும்பில் குழி வெட்டி, மேலே அமுக்கிப் பிடிக்க ஒரு மூடி செய்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த ஒரு மாதம் நான் சந்தோசமாக இருந்தேன். திருட்டு மெஷின் என்பதுகூடச் சில நேரம் மறந்துபோயிற்று. தலை சாய்வுக்கு வைத்த தகடு வண்டியில் வரும்போது எங்கேயோ விழுந்திருந்தது. புதுசாக வைக்க நான் மெனக்கெடவில்லை. மரத்துக்கு இது போதும் என்று விட்டுவிட்டேன்.

ஓட்டை போட்ட மணிகளைக் கோத்துக் கொடுக்க வியாபாரி பெண்களை வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் வாசலில் சத்தம் கேட்டு வெளியே வந்தால், கலைமதி நிற்கிறாள்.

"மணி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. நீங்கதானுங்களா அது, மோகண்ணா?"

மூட்டையை ரோட்டுக்கே தூக்கிப் போய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து திங்கட்கிழமை தோறும் வந்தாள். அவள் குரல் கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டு மூட்டையோடு ரோட்டுக்கு ஓடுவேன். பட்டறைப் பக்கம் விடவே மாட்டேன். "வூட்டுக்கு வந்த பொண்ணுக்கு ஒரு வாய் காப்பி குடுத்தா கொறஞ்சா போயிருவோம்?" என்று என் வீட்டுக்காரி கோகிலவாணி சண்டை பிடித்தாள். அவளிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஓட்டிய மெஷினில் துளைத்த மணியை, அவளே கோத்து, நூல் சிக்கில்லாமல் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வருசம் இப்படிப் போயிற்று.

ஆயுத பூஜைக்கு மட்டும் பழைய ஆட்கள் கொஞ்சம் பேர் மூடிய கேட்டுக்கு முன்னால் முனியப்பனுக்குப் பொங்கல் வைப்பார்கள். கலைமதியை யாரும் கூப்பிடுவதில்லை. தேங்காய் உடைக்கிறவன் நான். கடைசிவரை காவல் இருந்தவன் என்று பச்சியப்பன் தேங்காயை என் கையில்தான் கொடுப்பார். இரண்டு வருசம் வாங்கி உடைத்தேன்.

இந்த வருசம் ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை நல்ல மழை. பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஷீட்டில் விழுந்த மழைச் சத்தத்தில் வாசலில் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. கோகிலவாணி அவளை உள்ளே அனுப்பியிருக்கிறாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"பிட்டு அழுவுதுங்கண்ணா. மாத்துங்க."

பெடலில் இருந்து காலை எடுத்தேன். மோட்டாரை நிறுத்தினேன். திரும்பினால் கலைமதி கதவருகில் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தலையோடு நின்றாள். மெஷினைப் பார்த்தாள். பச்சை பெயிண்ட் அடித்த நெற்றியைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து பெடலைப் பார்த்தாள்.

"கட்ட எங்கீங்கண்ணா?"

டூல் பாக்ஸைத் திறந்து அடித்தட்டில் இருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"எப்பம்மா தெரியும்?"

"மொத மூட்டையிலயே தெரியுங்க."

எனக்குப் புரியவில்லை. அவள் மேசையில் இருந்து ஒரு மணியை எடுத்தாள்.

"ஊசி கோக்கறப்ப வெரலுக்குத் தெரியாதுங்களா? ஒரு பக்கம் ஓட்ட நடுவுல இருக்குது. அந்தப் பக்கம் மயிரிழ தள்ளியிருக்குது பாருங்க. ஏழுதான் அப்படித் தள்ளும். தகடு வுழுந்துருச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுமா ஒரு வருசம் வந்த? ஏம்மா கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேங்க. ஒவ்வொரு திங்கக்கெழமையும் இன்னிக்குச் சொல்லிருவாருன்னு நெனச்சுக்கிட்டுத்தான் வருவேன். நீங்க மூட்டையத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடியாருவீங்க."

ஒரு வருசமாக நான் ஓடிய ஓட்டம் எல்லாம் கண்முன் வந்தது. பட்டறைத் தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

"அந்த மாட்ட வித்துட்டேங்க," என்றாள். "கன்னோட வித்துட்டேன். எங்க வூட்டுக்காரரு அதப் பாக்கறப்பல்லாம் சொல்லிக்காட்டுவாரு. இதுக்காகத்தான் அத்தன பேரு வயித்துல அடிச்சன்னு. நல்ல கறவ மாடுங்க. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"மெஷின நீ எடுத்துக்கம்மா. வண்டி வெச்சு நானே கொண்டாந்து எறக்கறேன்."

"எனக்கெதுக்குங்க இரும்பு? ஆயுத பூஜைக்கு எல்லாம் கூடுவீங்கல்ல. அங்க சொல்லுங்க. போதும்."

"நீயும் வரியா?"

"நான் எதுக்குங்க? நான் சொல்லித்தான் ஒருத்தரும் நம்பலியே."

அன்றைய மூட்டையை எடுத்துக்கொண்டு, கோகிலவாணி கொடுத்த பாலித்தீன் பையைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அந்த ஒரு வாரமும் போகாமல் இருக்க என்னென்ன சாக்கு உண்டோ எல்லாம் யோசித்தேன். காய்ச்சல்கூட ஞாபகம் வந்தது. கடைசியில் போனேன். பதினாலு பேர் வந்திருந்தார்கள். பொரி, சுண்டல், வாழைப்பழம் எல்லாம் படைத்திருந்தார்கள். பச்சியப்பன் வழக்கம்போலத் தேங்காயை என் கையில் கொடுத்தார். நான் அதைக் கீழே வைத்துவிட்டுச் சூடம் ஏற்றினேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் அவளைப் போகச் சொன்னேன், பையை எடுத்துக் கையில் கொடுத்தேன், வண்டி வருவது எனக்குத் தெரியும், மெஷின் என் வீட்டில் இருக்கிறது, அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. சொல்லி முடித்துச் சூடத்தை உள்ளங்கையால் அணைத்தேன். அணைந்த பிறகும் கையை எடுக்கத் தோன்றவில்லை.

யாராவது ஓங்கி ஒரு அறை விடுவார்கள் என்று நின்றேன். யாரும் கிட்டே வரவில்லை. பச்சியப்பனுக்கு வயது எழுபதை நெருங்குகிறது. அவர் கண் கலங்கியிருந்தது.

"நீ எடுத்தது எந்த மெஷினு?"

"ஏழுங்க."

"ஓடுதா?"

"ஓடுதுங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"படச்சத எல்லாம் எடுங்கப்பா. கலைமதி வூட்டுக்குப் போலாம். மூணு வருசம் அந்தப் புள்ள வாசல்ல நாம கால் வெக்கல."

பொரியையும் பழத்தையும் பைகளில் அள்ளிக்கொண்டு நாலைந்து பைக்கில் கிளம்பினார்கள். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. உடைக்காத தேங்காய் என் காலடியில் கிடந்தது. மெஷின்கள் போன அன்று மதியம் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் வீட்டில் என்ன பேசினார்கள், குமார் என்ன சொன்னான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க முகம் இல்லை.

அடுத்த திங்கட்கிழமைக்குள் மெஷினின் அடியில் தகடு வெட்டிச் சொருகி, தட்டித் தட்டி நேராக்கினேன். அவளுக்கென்று ஒரு மூட்டை மணியைத் தனியாகத் துளைத்து வைத்தேன். அவள் வந்தாள். கோகிலவாணி கொடுத்த காப்பியை உட்கார்ந்து குடித்தாள். கோத்த மாலைகளை மேசைமேல் வைத்தாள். நான் புது மூட்டையை நீட்டினேன்.

"தகடு வெச்சுட்டேம்மா. இப்பத் தள்ளல."

ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"நல்லாருக்குதுங்க," என்றாள். மணியைத் திரும்ப மூட்டைக்குள்ளேயே போட்டாள். வேப்பங்கட்டை மேசையில் வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்து முந்தானையால் தூசி துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இனிமே கோக்கறதுக்கு வேற ஆளப் பாத்துக்குங்கண்ணா."

படி இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த அண்ணாவை மட்டும் அவள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.